இரண்டு கண்ணும் ஒரே அளவு

முகத்தில் குறையே இல்லாத மனிதர் ஒருவரைக்கூட டச்சப் அக்கா இன்னும் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு போட்டோ ஸ்டூடியோவின் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் முகங்களையெல்லாம் கழுவித் துடைத்துக் கொடுக்கிறவள் சொல்கிறாள், நம்பித்தான் ஆகவேண்டும். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, மூக்கின்மேல் கண்ணாடி அழுத்திய தடம், எது இருந்தாலும் பக்கத்திலிருந்து நல்ல தோலாகக் கொஞ்சம் எடுத்து அதன்மேல் ஒட்டிவிடுவாள். ஒரு கண் சின்னதாக இருந்தால் இழுத்துச் சமமாக்குவாள். அந்தத் தொழிலில் இதற்கு டச்சப் என்று பெயர். கடைத்தெரு முழுக்க அவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. டீக்கடைக்காரர், தபால்காரர், எதிர்க்கடைத் தையல்காரி எல்லாருக்கும் அவள் டச்சப் அக்காதான். தாலி கட்டிய வீட்டுக்காரரே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஸ்டூடியோவின் முன்னறையில் முதலாளி படம் எடுப்பார். "தோளை இறக்குங்க, வாயை மூடுங்க, சிரிக்காதீங்க" என்று அவர் போடுகிற அதட்டலில் சிரிக்கிற எண்ணம் இருந்தவனுக்கும் அது போய்விடும். உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. இருக்கிற ஒரே காற்றாடியும் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் திரும்பி நிற்கும். மனுஷிக்குக் காற்று இல்லாவிட்டால் பரவாயில்லை, மெஷினுக்குச் சூடு ஏறக்கூடாது என்பது முதலாளியின் கொள்கை. அந்த அறையில் உட்கார்ந்து அவள் உலகம் சுற்றினாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் சுற்றினாள்.

சுற்றிக் காட்டியவர் ஒரு புகைப்படக்காரர். இதே ஊரில் பிறந்து, பாதி வயதுக்குமேல் விமானத்திலும் கப்பலிலும் லாரியின் பின்பக்கத்திலும் கழித்தவர். மலையையும் கடலையும் எடுக்கமாட்டார். மனிதர்கள் மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒரு முகம், அதன் கீழே ஒரே ஒரு வரி என்று இணையத்தில் தன் பக்கத்தில் போடுவார். பனிக்காற்றில் மீன் வெட்டுகிற கிழவி ஒருத்தி, இமை முடியெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும். எங்கோ ஒரு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், நெற்றியில் கயிறு அறுத்த பள்ளம் அப்படியே தெரியும். பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கிற ஒருவர், பல் ஒன்றுதான் பாக்கி, அதையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். ஒரு பருவைக்கூட அந்த மனிதர் எடுக்கமாட்டார். தான் நாளெல்லாம் உட்கார்ந்து அழிக்கிறதையெல்லாம் இன்னொருவர் ஊர் ஊராகப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறார் என்று பார்த்தபோது, டச்சப் அக்காவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒரு வாரம் கழித்து அவருடைய படத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் போடமுடியாது என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எட்டு வருடம்.

அவரிடம் அவளுக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. படத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஜாதி இல்லை அவர். ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்தாவது அதே ஊருக்குப் போவார். படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு போய், அந்த மனிதரைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டு வருவார். இதைச் சொன்னால் வீட்டுக்காரருக்குப் பொறுக்காது. அவர் லிப்ட் மெக்கானிக். மேலே கீழே தவிர வேறு திசை தெரியாதவர் என்று இவள் கிண்டல் செய்வாள்.

"உன் ஊர்சுற்றி இன்னைக்கு எந்த ஊர்ல?" என்று காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்பார் அவர்.

"உங்களுக்கு எதுக்கு?"

"இல்ல, அங்க லிப்ட் ஏதாவது ரிப்பேரான்னு கேளு. நானும் ஒரு எட்டு போயிட்டு வரேன்."

அவள் சிரிப்பாள். எதற்காக அந்தப் படங்களை அப்படிக் குடைந்து குடைந்து பார்க்கிறாள் என்று மட்டும் அவரிடம்கூடச் சொன்னதில்லை. நடுவில் இருக்கிற முகத்தை ரசித்துவிட்டு, பிறகு அவள் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் நடந்து போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். பேருந்து ஜன்னல்களைப் பார்ப்பாள். உலகத்தில் இத்தனை முகத்தைப் பார்க்கிறவர், என்றைக்காவது ஒருநாள் அந்த ஒரு முகத்தையும் பார்த்துவிடமாட்டாரா என்பதுதான் அவள் நினைப்பு.

அந்த முகம் அவள் தங்கையுடையது. நான்கு வயது இளையவள், வாயாடி, நின்றுகொண்டே சாப்பிட்டு நடந்துகொண்டே தலைவாருகிறவள். இருபத்திரண்டு வயதில், வேறு தேசத்தில் ஒரு வீட்டில் படுக்கையாகக் கிடந்த பெரியவரைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கென்று போனாள். முதலில் வாரம் ஒரு போன். பிறகு மாதம் ஒன்று. பிறகு ஒரு நாள் கடைசிப் போன். பதினாறு வருடமாகப் பேச்சுமூச்சு இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாது.

இங்கேதான் டச்சப் அக்கா செய்த காரியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்டூடியோவுக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தபோது, "வாடிக்கையாளர் மூஞ்சியில பழகாதே, வீட்டுப் படத்தைக் கொண்டுவந்து பழகு" என்றார் முதலாளி. இவளும் வீட்டு ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு வந்து, படங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மூன்று மாதம் ராப்பகலாக அதே வேலை. அதில் அதிகம் மாட்டியவள் தங்கைதான், முகத்தில் திருத்துவதற்கு அவளிடம்தான் நிறைய இருந்தது. ஒரு கண் மற்றதைவிடச் சின்னது. முகவாயில் ஒரு தழும்பு. இன்னும் என்னென்னவோ. ஒவ்வொரு படத்திலும் கண்ணை இழுத்துச் சமமாக்கினாள், தழும்பை மூடினாள். திருத்திய படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேமித்தாள், அப்போது அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். புதிதாக அச்சடித்துப் புது ஆல்பத்தில் ஒட்டினாள். ஈரம் பட்டுச் சுருண்டு கிடந்த பழைய படங்களைக் குப்பையில் போட்டாள். வெளிதேசம் போகத் தங்கைக்கு எடுத்த படத்தையும் அவள்தான் திருத்தினாள், பாஸ்போர்ட் படத்தில் கைவைக்கலாமா என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை. அந்தப் படம்தான் பெரிதாகி அம்மாவின் கட்டிலுக்கு எதிரே சுவரில் தொங்குகிறது.

தங்கை இருந்தவரை இதில் ஒன்றும் தெரியவில்லை. அவள் போய் நான்கைந்து வருடம் ஆன பிறகு ஒரு மதியம், யாரோ ஒரு பெண்ணின் கண்ணைச் சமமாக்கிக்கொண்டிருந்தபோது, தங்கைக்கு எந்தக் கண் சின்னது என்று டச்சப் அக்கா தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வரவில்லை. இடதா, வலதா? தழும்பு முகவாயின் நடுவிலா, ஓரத்திலா? எவ்வளவு நினைத்தாலும் சுவரில் தொங்குகிற முகம்தான் வந்தது. கனவில் வந்தால்கூட தங்கை டச்சப் செய்த முகத்தோடுதான் வந்தாள். வாய் அசையும், பேசுவாள், தோலில் ஒரு சுருக்கம்கூட விழாது. அதைப் பார்த்துப் பயந்து விழித்துக்கொண்ட நாட்கள் உண்டு.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஊர்சுற்றி ஒரு படம் போட்டார். ஒரு பெரிய ஹோட்டலின் பின்கட்டில் இருக்கும் சலவைக்கூடம். ஆள் உயர மெஷின்கள், மலையாக வெள்ளைப் போர்வைகள், வேலை மாறுகிற நேரத்தில் வரிசையாக நிற்கிற ஏழு பெண்கள். ஆறு பேர் கேமராவைப் பார்த்தார்கள். ஏழாவது பெண் மட்டும் கொஞ்சம் தள்ளி, மூக்குக்குக் கீழே கையால் மூடிக்கொண்டு, கண் இரண்டும் தெரிய லேசாகப் பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். நிற்கிற தோரணை. ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்றக் காலை எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக வைத்திருக்கிற, தங்கையின் அதே நிற்பு. டச்சப் அக்கா அவள் கண்ணை நானூறு சதவீதம் பெரிதாக்கினாள். கட்டங்களாக உடைந்து, வெறும் சாம்பல் புள்ளிகள்தான் மிஞ்சின. அன்று முழுக்க எந்த முகத்தைத் திறந்தாலும் அந்தக் கைதான் வாயை மூடிக்கொண்டு நின்றது.

சாயங்காலம் அம்மாவிடம் போய் போனை நீட்டினாள். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. போனை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். மறுபடி போன், மறுபடி சுவர்.

"இவ இல்ல" என்றாள் அம்மா.

"நல்லாப் பாரும்மா. நிக்கிற மாதிரியைப் பாரு."

"நிக்கிறதை விடு. இவளுக்குக் கண்ணு ஒரு மாதிரி ஏறி இறங்கி இருக்கு. நம்மவளுக்கு ரெண்டு கண்ணும் ஒரே அளவுல்ல இருக்கும்? அதோ பாரேன்." சுவரைக் கைகாட்டினாள்.

பெற்றவளின் நினைப்பிலிருந்தும் அந்த முகத்தைத் தன் கைதான் துடைத்துப் போட்டிருக்கிறது என்று அப்போதுதான் டச்சப் அக்காவுக்கு உறைத்தது. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

ஊர்சுற்றிக்கு நான்கு முறை எழுதினாள். பதில் இல்லை. ஆயிரம் பேர் எழுதுகிற இடத்தில் இவள் எழுதியது எங்கே தெரியப்போகிறது? அப்படி இருக்கையில், அவருடைய படங்களை நூலகத்தின் மேல்மாடியில் பத்து நாள் வைக்கப்போகிறார்கள், அவரே வருகிறார் என்று செய்தி வந்தது. அரைநாள் லீவு போட்டுவிட்டு, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில்தான் அவரிடம், அந்தப் படங்களில் எந்த முகத்தைத் தேடுகிறாள் என்று சொன்னாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம், மச்சினியை அவர் பார்த்ததே இல்லை, சுவரில் தொங்குகிற முகத்தைத் தவிர.

படங்கள் கதவளவு பெரிதாக இருந்தன. மீன் வெட்டுகிற கிழவியின் முன்னால் நின்றபோது, இத்தனை வருடம் உள்ளங்கை அளவில் பார்த்த அந்த இமையெல்லாம் இப்படியா இருந்தது என்று டச்சப் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் ஒரு சுரங்கத் தொழிலாளி படத்தில் பின்னால் ஓடிய ஒயரைப் பார்த்துவிட்டு, "இப்படி இழுத்திருந்தா ஒருநாள் கையைச் சுட்டுரும்" என்று முணுமுணுத்தார்.

ஊர்சுற்றி குள்ளமான மனிதர். கட்டைவிரலில் பிளாஸ்டர், காலில் தேய்ந்த செருப்பு. கூடநின்று படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களுக்கெல்லாம் பாதி முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் இவள் போய் முன்னால் நின்றாள். எட்டு வருடமாக மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த பாராட்டெல்லாம் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை.

"சார், சலவைக்கூடம் படத்துல வாயை மூடிக்கிட்டு ஒருத்தி நிக்கிறாளே. அவ என் தங்கச்சியா இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

கைப்பையிலிருந்து தங்கை படத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். தொழில்காரர் பார்வை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இதை யாரு திருத்தினது?"

"நான்தான் சார்."

"நல்லாப் பண்ணியிருக்கீங்க. எங்க கைவச்சீங்கன்னே தெரியலை." அவர் மனதாரத்தான் சொன்னார். இவளுக்குக் காதெல்லாம் சுட்டது. "திருத்தாதது ஒண்ணு குடுங்க."

"இல்ல சார். ஒண்ணுகூட இல்ல."

அவர் இரண்டு பேரையும் பின்னாலிருந்த நாற்காலி அடுக்குகிற அறைக்குக் கூட்டிப்போனார். லேப்டாப்பைத் திறந்தார். "அந்தம்மா படம் வேணாம்னுதான் கையால மூடினாங்க. கேட்டதுக்கு, எங்க வீட்டுல பார்த்துடுவாங்கன்னு அந்த ஊர் பாஷையில சொன்னாங்க. முகம் தெரியலையேன்னு நான் அதைப் போட்டுட்டேன். ஆனா அவங்க கையைத் தூக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி எடுத்தது ஒண்ணு இருக்கு. அழிச்சிருக்கணும். அழிக்கலை. தப்பு என் மேலதான். யாருக்கும் காட்டினதில்ல" என்றார்.

காட்டினார். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவியில் முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. இடது கண் சின்னது. முகவாயின் ஓரத்தில் ஒரு கோடு, தழும்போ மடிப்போ. மேலுதட்டில் வியர்வை. டச்சப் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டு வருடமாக முகம் பார்த்தே பிழைக்கிறவள். கூடப் படுத்து, கூடச் சண்டைபோட்டு, ஒரே சீப்பில் தலைவாரி வளர்ந்த முகம் இதுதானா இல்லையா என்று சொல்லத் தெரியாமல், பரீட்சையில் ஒன்றும் படிக்காதவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, அவதானா?" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக.

"தெரியலைங்க" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவள் அழுது முடிகிற வரைக்கும் ஊர்சுற்றி காத்திருந்தார். "ஏன் பேச்சு நின்னுபோச்சு?" என்று கேட்டார். பதினாறு வருடமாக வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை, முன்பின் தெரியாத மனிதரிடம் அவள் சொன்னாள். கடைசிப் போனில் தங்கை, அந்த வீட்டு வேலையை விட்டுவிட்டேன், இப்போது ஒருத்தரோடு இருக்கிறேன் என்றாள். அம்மா கையிலிருந்த போனை அப்பா பிடுங்கினார். இனிமேல் எங்களுக்கு ஒரே பெண்தான், நீ செத்துப்போனதாக நினைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வைத்தார். சொன்னபடியே நடந்தும் காட்டினார். அவர் போயும் ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

"ஊர் பேரைக் கேட்காதீங்க, சொல்லமாட்டேன்" என்றார் ஊர்சுற்றி. "அவங்க மறைச்ச முகம் அது. ஆனா அடுத்த மாசம் அங்க போறேன், எல்லாருக்கும் படம் குடுக்கணும். நீங்களும் உங்க அம்மாவும் நிக்கிற மாதிரி ஒரு படம் குடுங்க, காட்டறேன். அவங்களாச் சொன்னா உண்டு." வாசல்வரை வந்தவர் மறுபடியும் கூப்பிட்டார். "ஒண்ணு. அந்தப் படத்துல கைவைக்காதீங்க."

மறுநாள் அம்மாவை ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தாள். எதற்குப் படம் என்று அம்மா கேட்டபோது, மறைக்க முடியவில்லை. ஆல்பத்தை எடுத்துப்போனது, கண்ணை இழுத்தது, தழும்பை மூடியது, பழையதைக் குப்பையில் போட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அம்மா ஸ்டூலில் திரும்பி, பின்னால் தொங்குகிற நீலத்திரையைப் பார்த்தாள்.

"அப்போ செவுத்துல இருக்கிறது யாருடி?" என்று கேட்டாள். "தினமும் எழுந்திரிச்சதும் பேசறேனே. இத்தனை வருஷமா நான் யார்கிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்?"

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு விளக்கைச் சரிசெய்யப் போய்விட்டார். அப்பா படத்தை மடியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று அம்மா கேட்டாள். இருக்கிறவர்கள் மட்டும் போதும் என்று இவள் சொல்லிவிட்டாள். அன்றைக்கு முதலாளி யாரையும் அதட்டவில்லை. படம் கம்ப்யூட்டருக்கு வந்ததும், அம்மாவின் கன்னத்துப் புள்ளிகளையும் புரை விழுந்த கண்ணையும், தன் கழுத்தில் தொங்குகிற சதையையும் பார்த்தபோது டச்சப் அக்காவுக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, முதலாளியையே அதை அப்படியே அனுப்பச் சொன்னாள்.

பிறகு காத்திருப்பு. அந்த ஐந்து வாரத்தில் அவள் இளைத்துவிட்டாள். வருகிறவர்கள் முகத்திலெல்லாம் எதை அழித்தாலும் யாரோ ஒருவருக்குத் தெரியவேண்டிய அடையாளத்தை அழிக்கிறோமோ என்று தோன்றியது. ஒரு மச்சத்தின் மேல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா சுவர்ப் படத்தைக் கழற்றவும் விடவில்லை, அதனோடு பேசவும் இல்லை. அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள். ஒருவருடையதும் இல்லாத முகம் ஒன்று அந்த அறையில் இருந்துகொண்டு எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செய்தி வந்தது. வீட்டுக்காரர்தான் சத்தமாகப் படித்தார்.

"நேற்று சலவைக்கூடத்துக்குப் போனேன். உங்கள் படத்தை அவரிடம் மட்டும் தனியாகக் காட்டினேன். இவர்களைத் தெரியுமா என்று நம் மொழியில் கேட்டேன். வெகுநேரம் பார்த்தார். தெரியாது என்று அந்த ஊர் மொழியில் சொன்னார். நான் கிளம்பும்போது கூப்பிட்டு, இவர்கள் வீட்டில் பெரியவர் யாரும் இல்லையா, ஏன் படத்தில் இல்லை என்று கேட்டார். எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நாளை மாலை எனக்கு விமானம். அதற்குமுன் ஒருமுறை அங்கே போவேன். சொல்ல ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்."

"எந்தப் பாஷையில கேட்டாராம்?" என்றாள் அம்மா.

"நம்ம பாஷையில."

"பதில் வேற பாஷையில வந்துச்சா? அப்போ கேட்டது புரிஞ்சிருக்குல்ல."

வீட்டுக்காரர் போனை மெல்ல இவள் கையில் கொடுத்தார்.

"எழுது" என்றாள் அம்மா. "பெரியவர் போயி ஒன்பது வருஷம் ஆச்சுன்னு எழுது. இனிமே இந்த வீட்டுல யாரும் போனைப் பிடுங்கமாட்டாங்கன்னு எழுது."

இவள் எழுதினாள். கீழே, வா என்று ஒரு வார்த்தை சேர்க்கப் போனாள்.

"அது வேணாம். வரதும் வராததும் அவ இஷ்டம்."

மறுநாள் திங்கள்கிழமை. வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். டச்சப் அக்கா ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. மத்தியானம் செய்தி வந்தது. "சொன்னேன். கேட்டுக்கொண்டார். தெரியாது என்றுதான் மறுபடியும் சொன்னார். உங்கள் படத்தைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை."

அம்மாவிடம் படித்துக்காட்டினாள். அம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "அழுதாளான்னு கேளு" என்றாள்.

"எதுக்கும்மா அது?"

"கேளுன்னா கேளு."

கேட்டாள். உடனே பதில் வந்தது. "தெரியவில்லை. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்ப்பது சரியில்லை என்று தோன்றியது. நான் திரும்பிக்கொண்டேன்."

டச்சப் அக்கா அதை இரண்டு முறை படித்தாள். எட்டு வருடமாகக் கொண்டாடிய மனிதரை அன்றைக்குத்தான் முதன்முதலாக மனதுக்குள் வைதாள். ஊர் ஊராகப் போய்க் கண்டவன் மூஞ்சியெல்லாம் பார்த்தாயே பாவி, இந்த ஒரு முகத்தை, இந்த ஒரு நிமிடம் பார்த்துத் தொலைத்திருக்கக்கூடாதா என்று வைதாள். கையிலிருந்த போனை எறிந்துவிடலாம்போல இருந்தது. அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரை விழுந்த கண்ணும் நல்ல கண்ணும் ஒன்றுபோல அகலத் திறந்திருந்தன. அந்த முகத்திடம் தெரியவில்லை என்று சொல்ல டச்சப் அக்காவுக்கு மனம் வரவில்லை.

"அழுதாளாம்" என்றாள். "ரொம்ப அழுதாளாம்."

அம்மாவின் தோள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின.

"அப்போ அவ இல்ல" என்றாள்.

"ஏம்மா?"

"அவ அழமாட்டாளேடி. அப்பா பெல்ட்டை எடுத்து அடிச்சபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பா. அப்பா செத்ததுக்கா அழப்போறா?" அம்மா மறுபடியும் படுத்துக்கொண்டாள். "அது யாரோ. யாரு பெத்த பொண்ணோ, பாவம்."

இல்லையம்மா, நான்தான் சேர்த்துச் சொன்னேன் என்று டச்சப் அக்காவுக்கு வாய்வரை வந்தது. எழுதியிருந்ததை எழுத்துக்கு எழுத்து படித்துக்காட்டினாலும், இதையாவது திருத்தாமல் சொல்கிறாயா என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று நின்றாள். அம்மா அதற்குள் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.